கம்பியில் குத்திய காலண்டர் தாள்கள்

2025 ஜனவரி இரண்டாவது வாரம், பொங்கல் நெருக்கடிக்கு நடுவில் இந்தக் கேஸ் என் கைக்கு வந்தது. கூட வந்த மருத்துவமனைத் தாளில் இருந்தது சில வரிகள்தான். ஆறரை வயது ஆண் குழந்தை, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அடிக்கடி திரும்புகிறது. தாயின் ஒத்துழைப்பு போதாது. பதிவேடு இல்லை. மாத்திரை தவறுகிறது. வீட்டுக்குச் சென்று பார்க்கவும்.

கடலூரில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பில் நான் வீடுவீடாகப் போகும் சமூகப் பணியாளர். 'ஒத்துழைப்பு போதாது' என்ற வரியை எத்தனையோ தாள்களில் படித்திருக்கிறேன், நானே எழுதியும் இருக்கிறேன். இந்த வீட்டுக்கு முதல் தடவை போய்விட்டு வந்தும் அதையேதான் எழுதினேன். அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த வீட்டுக்குப் போய் வந்ததில் அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். பெயரும் தெருவும் வராது. பையனை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே சின்னவன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நோய்

நம் பக்கத்துப் பெரியவர்கள் 'உப்பு நீர் கோத்துக்கிச்சு' என்பார்கள். சிறுநீரகத்தில் இருக்கிற வடிகட்டி, ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. ரத்தத்தில் அது குறையக் குறைய நீர் சதைக்குள் இறங்குகிறது. காலையில் எழுந்தால் கண் இமை உப்பியிருக்கும். சாயங்காலம் அது காலுக்கு இறங்கிவிடும். முற்றினால் வயிறு பானை மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் 2 வயதிலிருந்து 6 வயதுக்குள் தொடங்குகிறது. சின்னவனுக்கு 2022 ஆடி மாதம், நாலு வயதில் வந்தது. முதல் பத்து நாள் 'பூச்சி கடிச்சிருக்கும்' என்று கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். இதில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பல பேருக்கு அப்படித்தான் நடக்கிறது.

மருந்து ஸ்டீராய்டு, பிரெட்னிசோலோன். முதல் முறை வரும்போது ஆறு வாரம் தினமும், எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் கொடுப்பார்கள். அப்புறம் ஆறு வாரம் அளவைக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள். பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் இந்த மருந்துக்குக் கேட்டுவிடுகிறது, சிறுநீரில் புரதம் நின்றுபோகிறது. ஆனால் அவர்களில் நிறையப் பேருக்கு அது திரும்பி வரும். சாதாரண சளியே போதும். இப்படி மருந்துக்குக் கேட்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வாலிப வயது நெருங்கும்போது நோய் விலகிவிடும், சிறுநீரகமும் பொதுவாகக் கெடாது. டாக்டர்கள் தைரியம் சொல்வது இதை வைத்துத்தான். உறவுக்காரர்கள் இதைப் பெரிய நோயாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் இதனால்தான். 'அதான் பெரியவனானா சரியாயிடும்னு சொல்லிட்டாங்களே!' நடுவில் இருக்கிற எட்டுப் பத்து வருடத்தை யார் ஓட்டுவது என்று யாரும் கேட்பதில்லை.

வீடு

தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் ஒரு தெரு. இரண்டு அறை, தளம் போட்ட வீடு. அப்பா துறைமுகத்தில் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலை இரண்டரைக்குக் கிளம்பினால் ஏலம் முடிந்து, பெட்டிகளை இறக்கி, வீடு திரும்பப் பத்து மணி ஆகும். அம்மா வீட்டிலேயே தையல்: ஜாக்கெட், சேலைக்கு ஃபால்ஸ், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் யூனிஃபார்ம். பெரியவள் எட்டாம் வகுப்பு. அப்பாவைப் பெற்ற ஆயா கருவாட்டு வியாபாரம். மொட்டை மாடியில் கருவாடு, கீழே உப்பு கூடாத பிள்ளை. முதல் நாளே இதைக் குறித்துக்கொண்டேன்.

அன்றைக்குக் குறித்துக்கொண்ட இன்னொன்று: 'நோட்டு கேட்டேன், இல்லை என்றார். முகம் கொடுத்துப் பேசவில்லை.' தையல் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில், கடைகளில் பில் குத்தி வைக்கிற கம்பி ஒன்று தொங்கியது, காகிதம் தடிமனாகக் குத்தியிருந்தது. தையல் கணக்கு என்று நினைத்தேன். மூன்றாவது தடவை போனபோதுதான் அவை தினசரி காலண்டர் தாள்கள் என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் ஒரு குறி. 'தெ', '1', '3', சில நாளில் 'மா'. இரண்டரை வருடத்தில் விட்டுப்போனவை கொஞ்சம்தான். "நோட்டு இல்லைன்னுதானே கேட்டீங்க, நோட்டு இல்லைதான்" என்றார் அந்த அம்மா. மருத்துவமனையிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்டது நோட்டு. இவரிடம் இருந்தது தாள். இரண்டு பக்கமும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

காலை ஆறு மணி

பிப்ரவரியில் ஒரு நாள் விடியும் முன்பே போயிருந்தேன். அந்த வீட்டின் நாள் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்காமல் பேசிப் பயனில்லை என்று பட்டது.

ஐந்தே முக்காலுக்குச் சின்னவனை எழுப்புகிறார். அவன் காலை உதைத்துக்கொண்டு புரள்கிறான். காலை முதல் சிறுநீர்தான் வேண்டும். சில நாள் பாயிலேயே போய்விடுவான், "பாயில போனதை எதுல பிடிக்கிறது?" சில நாள் தூக்கக் கலக்கத்தில் நேரே கொல்லைக்குப் போய்விட்டு வந்து நிற்பான். அப்படி நழுவிய நாட்களின் தாளில் எதுவும் எழுதியிருக்காது. அன்றைக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்ததைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து சல்ஃபோசாலிசிலிக் அமில பாட்டிலை எடுத்து அளவாகச் சொட்டு விட்டார். அவர் பேச்சில் அது ஆசிட் சொட்டு. நிறம் மாறுகிற ஸ்டிரிப்பும் இருக்கிறது. விலை கட்டாது என்பதால் சந்தேகமான நாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

குழாயைச் சன்னல் பக்கம் தூக்கி, அன்றைய காலண்டர் தாளுக்கு முன்னால் பிடித்தார். ராகு காலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அதைக் குழாய் வழியாகப் படிக்கிறார். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் ஒன்றும் இல்லை, 'தெ', தெளிவு. கலங்கலாக இருந்து எழுத்தும் தெரிந்தால் 1 பிளஸ். எழுத்து மறைந்து வெறும் வெள்ளையாக இருந்தால் 2. அதில் பொடிப்பொடியாகத் திரிந்தால் 3. கட்டிகட்டியாக இறங்கினால் 4. பார்த்து முடித்ததும் தாளைக் கிழித்து முதுகில் எழுதிக் கம்பியில் குத்திவிட்டார். மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும்.

அந்த நாலு நிமிஷத்தில் அன்றைய வீடு முடிவாகிவிடுகிறது. ரசத்தில் உப்பு எவ்வளவு, பையன் பள்ளிக்கூடம் போகிறானா, நாளைக்குத் தருகிறேன் என்று சொன்ன ஜாக்கெட்டை இன்றே முடித்துவிட வேண்டுமா, எல்லாம் அதைப் பொறுத்தது. தொடர்ந்து மூன்று நாள் 3 பிளஸ் அல்லது 4 பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. அப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு நாள் மட்டும் வந்து மறுநாள் தெளிந்துவிடுவதும் உண்டு. ஆக, முதல் 3 பிளஸ் வந்த காலையிலிருந்து மூன்றாவது காலை வரை அவர் காத்திருக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை.

ஏன் என்று கேட்டேன். "மொத நாளே சொன்னா, உடனே கூட்டிட்டுப் போன்னு குதிப்பாங்க. அங்க போனா மூணு நாள் பார்க்கலையான்னு கேப்பாங்க. மூணாவது நாள் சொன்னா, ஏன் மொதல்லயே சொல்லலைன்னு இவங்க கேப்பாங்க. அதுக்கு என் வயித்துக்குள்ளயே இருக்கட்டுமேக்கா."

என் குறிப்பேட்டில் நான் அடிக்கோடு போட்டது இந்தப் பேச்சுக்குத்தான். நோய் பையனுக்கு, மருந்து கொடுப்பது டாக்டர், செலவுக்கு அலைவது அப்பா. ஆனால் குழாயைப் பார்த்துச் சொல்ல அந்த வீட்டில் ஒரே ஆள். நல்ல சேதி, கெட்ட சேதி இரண்டும் அந்த ஒருத்தர் வாய் வழியாகத்தான் வர வேண்டும். கெட்ட சேதி கொண்டுவருகிறவர் மேல் நாளடைவில் கோபம் திரும்புவது எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். கணவர் ஒரு தடவை, "நீ பாத்துப் பாத்துத்தான் வருது" என்று சொல்லிவிட்டாராம். அவர் அதை மறந்துபோயிருந்தார். அந்த அம்மாவுக்குத் தேதியோடு நினைவிருந்தது.

ஊர் வாய்

வெளியிலிருந்து பார்த்தால் இந்த நோய் தலைகீழாகத் தெரியும். நோய் வரும்போது உடம்பில் நீர் கோத்துப் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பான். ஸ்டீராய்டு ஏறினால் கன்னம் இன்னும் உருண்டுவிடும். உடனே தெருவில், 'இப்பத்தான் புள்ள தேறியிருக்கான், என்ன குடுக்கிற?' மருந்து குறைந்து, நீர் வடிந்து, குழாய் தெளிவாக இருக்கிற நல்ல மாதங்களில் கன்னம் ஒட்டிப்போயிருக்கும். 'ஏன் இப்படி இளைச்சுட்டான், கவனிக்கிறதில்லையா?' பிள்ளை நன்றாக இருக்கும்போதெல்லாம் திட்டு வாங்குகிற ஒரு அம்மாவை நான் அங்கேதான் பார்த்தேன்.

வகுப்பில் அவனுக்குப் பூசணி என்று பேர். அதை வீட்டில் சொன்னது அவன் இல்லை, அக்கா.

பசி தனிக் கதை. தினமும் ஸ்டீராய்டு போகிற வாரங்களில் பையனுக்கு அடங்காத பசி. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து இட்லி கேட்பான். இல்லை என்றால் அக்காவை அடிப்பான். அந்த மருந்துக்குக் கோபமும் கூடவே வரும், பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று அர்த்தமில்லை. இதை அந்த அம்மாவுக்கு விளக்கினபோது, "தெரியும்க்கா, ஆனா அடி வாங்குறது பெரியவதானே" என்றார். விளக்கம் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கும் உண்டு.

நான் போகத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு ஆடி மாதத்தில் வேறு ஒரு சங்கடம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. அம்மை. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குச் சின்னம்மை ஒட்டிக்கொண்டால் சாதாரணமாகப் போகாது, அம்மை வந்தவர் பக்கத்தில் இருந்துவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதனால் அந்த வாசல் வழியாகப் பள்ளிக்குப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். தலைக்குத் தண்ணீர் ஊற்றின நாளில் அந்த வீட்டிலிருந்து வந்த கூழை வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். 'ஆத்தா வந்த வீட்டுக் கூழை வேண்டாங்குறியா' என்று பெரிய பேச்சாகிவிட்டது. இரண்டு தெருவுக்கும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தத் தெரு ஜாக்கெட்டுகள் ஒரு வருடம் வரவில்லை. எந்த மருத்துவச் செலவுக் கணக்கிலும் இந்தத் தொகை வராது.

உப்பில் நடந்தது புரிதல் கோளாறு. வீக்கம் இருக்கும் நாட்களில்தான் உப்பைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். வீக்கம் வடிந்து தெளிவாக இருக்கிற நாட்களில் வீட்டுச் சாப்பாடே போதும், உப்பு தூக்கலாக இருக்கக் கூடாது, அப்பளம் ஊறுகாய் கருவாடு மிக்சர் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான். இவரோ பயத்தில் இரண்டரை வருடமாக 365 நாளும் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தார். பையன் அதைத் துப்புவான். ஆயாவுக்கு மனசு பொறுக்காமல், மாடிக்கு வருகிற பேரன் வாயில் ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டைத் திணித்துவிடுவார். மறுநாள் குழாய் கலங்கினால், கருவாட்டால் என்று மருமகள் கத்த, கண்ணு பட்டதால் என்று மாமியார் கத்த, வீடு இரண்டாகும். உண்மையில் ஒரு துண்டு கருவாட்டால் புரதம் ஒழுகாது. உப்பு வீக்கத்தைக் கூட்டும், நோயைத் திருப்பிக் கொண்டுவராது. இதை மார்ச்சில் டாக்டர் வாயால் சொல்லவைத்த பிறகுதான் அந்தச் சண்டை அடங்கியது. நான் சொன்னபோது இரண்டு பேரும் நம்பவில்லை.

பயணம்

மருத்துவமனைக்குப் போகிற நாளில் மூன்று பஸ். கடலூருக்குள் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டும், அங்கிருந்து இன்னொன்று. விடியற்காலையில் கிளம்பி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பையன் "ஒண்ணுக்கு" என்பான். நீர் பிரிய மருந்து கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை பாதி வழியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்ததில், மருத்துவமனையில் சீட்டு கொடுப்பது முடிந்துவிட்டது.

எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. அவர் சொன்ன குறை எங்கேயும் கேட்கிற குறைதான். ஒவ்வொரு தடவையும் புது டாக்டர். ஒவ்வொருவரும் முதல் கேள்வியாக, எப்போது ஆரம்பித்தது என்று கேட்கிறார்கள். 2022 ஆடியிலிருந்து கதையை ஒப்பிக்க வேண்டும். எட்டாவது தடவையில் சுருக்கிச் சொன்னால் 'விவரம் தெரியவில்லை' என்று நினைக்கிறார்கள். முழுசாகச் சொன்னால் 'சுருக்கமாச் சொல்லும்மா'. காப்பீட்டு அட்டை படுக்கையில் சேர்த்தால் கைகொடுக்கிறது. வாரா வாரம் ஆகிற ஸ்டிரிப், பஸ், போகிற நாளின் தையல் கூலி எல்லாம் கைக்காசு.

தீபாவளியும் வெள்ளமும்

மாத்திரை தவறுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். மருத்துவமனைத் தாளில் இருந்த தேதிகளையும் கம்பியில் இருந்த தாள்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். 2024 அக்டோபரில் சின்னவன் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரையில் இருந்திருக்கிறான். குழப்பம் வராமல் இருக்க அந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: ஒற்றைப்படைத் தேதி வந்தால் மாத்திரை. நல்ல வழிதான், 31 தேதி உள்ள மாதம் முடிகிற வரைக்கும். அக்டோபர் 31 ஒற்றைப்படை, நவம்பர் 1-ம் ஒற்றைப்படை. இரண்டு தாள் முதுகிலும் 'மா' என்று இருந்தது. அந்த 31-ம் தேதி தீபாவளி வேறு. முறுக்கைப் பிடுங்கி வைப்பதிலேயே வீட்டில் எல்லோருக்கும் கவனம். ஒரு நாள் மாத்திரை கூடப் போனதில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த தடவை மாத்திரை எண்ணிக்கை இடித்தபோது 'ஒழுங்காகக் கொடுப்பதில்லை' என்று பதிவாகிவிட்டது. நான் அறிந்தவரை, ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டவருக்குத்தான் இப்படிப் பிசகும்.

அடுத்தது வெள்ளம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது ஓய்ந்தது என்று நினைத்தபோது மேலே சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணையில் தண்ணீர் வந்தது. தெருவுக்குள் இடுப்பளவு. தையல் மிஷினைத் தூக்க ஆள் இல்லை. அந்த அம்மா எடுத்துக்கொண்டு போனது ஆதார் அட்டைகள், மாத்திரை டப்பா, கண்ணாடிக் குழாய். கம்பியை எடுக்க மறந்துவிட்டார். முகாமில் நாலு நாள் ஒரே கூடத்தில் நூறு பேர், இருமல், ஈரப் பாய். அங்கே கால் மேல் கால் படாமல் படுக்கவே இடமில்லை, காலையில் சிறுநீர் பிடித்துக் குழாயில் சொட்டு விட்டுக்கொண்டிருக்க முடியுமா? மாத்திரை தீரப்போகிற நேரம். ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று அவருக்குத் தெரியும். டாக்டர் சீட்டு நனைந்து எழுத்து போய்விட்டது. பழக்கப்பட்ட மெடிக்கல் ஷாப்காரர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். ஆக அந்த வாரம் மாத்திரை தவறவே இல்லை. ஆனால் பையனுக்குச் சளி பிடித்தது. டிசம்பர் பாதியில் கண் உப்பியது.

வீடு திரும்பியபோது கம்பி சேற்றில் கிடந்தது. தாள்களைப் பிரித்து மொட்டை மாடியில் காயப்போட்டது ஆயா. கருவாடு காய்கிற அதே பாயில், கல் வைத்து. என் கைக்கு வந்தபோதும் அந்த வாசனை போகவில்லை.

எடுத்த முயற்சிகள்

முதலில் பலிக்காதவை. போனில் அலாரம் வையுங்கள் என்றேன். போன் அப்பாவோடு துறைமுகம் போய்விடுகிறது. இதே நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், வாருங்கள் என்றேன். "மூணு பஸ் ஏறி வந்து அழுவறதுக்கு இங்கயே அழுதுக்கலாம்க்கா." சரி என்று விட்டுவிட்டேன். நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் எழுதிவிட்டுக் காலண்டர் தாளுக்கே திரும்பிவிட்டார். அப்புறம் அந்தத் தாள்களை மாதம் ஒன்றாக நூலில் தைத்துக் கொடுத்தேன், மேலே ஒரு பக்கத்தில் இதுவரை நடந்ததை நான் எழுதினேன். மருத்துவமனையில் கதை ஒப்பிப்பது அதோடு பாதியாகக் குறைந்தது. மாத்திரை நாட்களுக்கு ஒற்றைப்படை விதி போய், வருடம் முழுவதற்கும் காலண்டரில் முன்கூட்டியே ஒருநாள் விட்டு ஒருநாள் சிவப்பு மையில் வட்டம் போட்டோம். அது பெரியவளின் வேலை. அவள் அதை ரசித்துச் செய்தாள். சின்னவனை முன்னிட்டு இந்த வீட்டில் அவளைக் கேட்டு நடந்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் முக்கியமான நோக்கம் குழாயைப் படிக்க இரண்டாவது ஆள். இயல்பாக அப்பாவைத்தான் நினைத்தேன். ஆறு மணிக்கு அவர் ஏலத்தில் நிற்கிறார். ஞாயிறு மட்டும் முடியும் என்றார். இரண்டு ஞாயிறு பார்த்தார், மூன்றாவது ஞாயிறு 2 பிளஸ் வந்ததும் குழாயை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பயம். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மருத்துவமனைப் பயணத்தில் ஒன்றுவிட்டு ஒன்று தான் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டார், அதைச் செய்கிறார்.

கிடைத்த ஆள் ஆயா. நான் கேட்கவில்லை. ஏப்ரலில் ஒரு காலை மருமகளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, காலண்டர் எழுத்து அவருக்கு உதவாது. குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்திருக்கிறார்: "கஞ்சித் தண்ணி மாதிரி கீது, மோரு அளவுக்கு இல்ல." அது 1 பிளஸ். சரியான கணிப்பு. அன்றையிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அளவுகோல். தண்ணி, கஞ்சித் தண்ணி, மோரு, திரிஞ்ச பாலு, தயிரு. டாக்டருக்குச் சொல்லிக்காட்டினேன். சிரித்துவிட்டு, இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்றார்.

ஒன்றும் சுமுகமாக நடந்துவிடவில்லை. முதல் மூன்று வாரம் ஆயா பார்த்ததை மருமகள் மறுபடி பார்த்தார். ஒருநாள் ஒருத்தர் மோரு என்கிறார், இன்னொருத்தர் எழுத்து தெரிகிறது என்கிறார். இரண்டு பேரும் குழாயோடு வாசலுக்கே வந்து வெளிச்சத்தில் நின்று சண்டை. ஸ்டிரிப் வைத்துப் பார்த்ததில் ஆயா பக்கம் நியாயம். அதற்கப்புறம் மருமகள் மறுபார்வை பார்ப்பது குறைந்தது. ஒரு விஷயம் எனக்கு எதிர்பாராதது: பார்க்கத் தெரிந்த நாளிலிருந்து ஆயா கண்ணு பட்டது என்று சொல்வதை விட்டுவிட்டார். திருவதிகைக்கு வேண்டிக்கொண்டதை மட்டும் விடவில்லை. அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த ஊர், பண்ருட்டி பக்கம், பேரனைக் கூட்டிப்போயே தீருவேன் என்று நின்றார். கூட்டம் இல்லாத ஒரு வார நாளில், பையன் தெளிவாக இருந்த வாரத்தில் போய்வந்தார்கள். இதில் தடுக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பள்ளிக்கு டாக்டர் கடிதம் வாங்கிக் கொடுத்தோம்: கேட்கும்போது கழிப்பறைக்கு விட வேண்டும், வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வகுப்பு டீச்சர் அதைப் பீரோவுக்குள் ஒட்டிவைத்திருக்கிறார். பூசணி என்ற பேர் இன்னும் போகவில்லை.

இப்போது

மார்ச்சில், நோய் திரும்புவதைக் குறைக்க லெவாமிசோல் என்ற மாத்திரை சேர்த்தார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு சளி புரதம் இல்லாமல் கடந்தது. ஜூலையில் ஒரு முறை திரும்பியது. முதல் நாள் 'திரிஞ்ச பாலு' என்று ஆயா சொன்னபோது அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லையாம், "மூணு நாள் கணக்கு எனக்கும் தெரியும்ல" என்றார் ஆயா. மூன்றாவது காலை அவரே மகனுக்குப் போன் போடச் சொன்னார். வீக்கம் அதிகமாகும் முன்பே மருந்து தொடங்கியாயிற்று, படுக்கையில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

சின்னவனின் பள்ளிக் கால்சட்டை ஒன்றை அந்த அம்மா எடுத்துக் காட்டினார். இடுப்புப் பக்கத்தில் துணியை விட்டு, மூன்று வரிசை தையல். உப்பும் மாதம் ஒரு வரிசையைப் பிரித்து விடுவார், வடிந்தால் மறுபடி பிடிப்பார். பிரித்த இடமெல்லாம் ஊசித் துளை வரிசையாகத் தெரிகிறது. போன மாதம் அதே கால்சட்டையில் இடுப்பைத் தொடாமல் கீழ் மடிப்பை மட்டும் ஒரு விரற்கடை இறக்கியிருக்கிறார்.

இந்த எழுத்தைக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினேன். அந்த அம்மா, கணவர் சொன்ன வார்த்தையை எடுத்துவிடலாமா என்று கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும், நான் சொன்னதுதானே" என்றார் கணவர். ஆயாதான் மறுப்புச் சொன்னார். முதல் வரைவில் பேரனுக்கு வாளைக் கருவாடு கொடுத்ததாக எழுதியிருந்தேன். "திருட்டுத்தனமா குடுத்தேன்னு எழுதிக்க, பரவால்ல. ஆனா வாளையில முள்ளு இருக்கும்மா, கொழந்தைக்கு அதைக் குடுப்பேனா? நெத்திலின்னு மாத்து." மாற்றிவிட்டேன்.